ஸேஃப் என்ற சொல்லுக்குப் பின்னால்

பிப்ரவரி 9, ஞாயிறு

வார்டன் சரோஜாக்கா இன்றும் எல்லோருடைய டிரங்குப் பெட்டியையும் திறந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் இது உண்டு. யாராவது செல்போன் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறாராம். என் பெட்டியில் இந்த நோட்டு இருந்தது.

"என்னம்மா எழுதறே?"

"இங்கிலீஷ் படிக்கிறேன்க்கா."

முதல் பக்கத்தில் நாலைந்து ஆங்கிலச் சொற்களை எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். அடுத்த வாரம் உள்ளேயும் புரட்டலாம். அதனால், அவர் பார்த்தாலும் பரவாயில்லை என்று தோன்றுவதைத்தான் எழுதப்போகிறேன்.

இங்கிலீஷ் படிப்பது பொய்யில்லை. மாதக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து பையர் மேடம் வருகிறார். நாங்கள் தைக்கிற குழந்தைத் துணியெல்லாம் அவருடைய கடைகளுக்குத்தான் போகிறது. இந்த முறை மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், பெண்களிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். கம்பெனி பதறிப்போய் எட்டுப் பேரைப் பொறுக்கியிருக்கிறது. அதில் நானும் ஒருத்தி. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். ஆனால் செக்கிங் மேசையில் லேபிளைப் படிப்பேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என் கட்டிலின் மேல்தட்டு காலியாக இருக்கிறது. வெண்ணிலா ஊருக்குப் போயிருக்கிறாள். அவள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

ஷிஃப்ட் முடிந்து கேண்டீனில் வகுப்பு. சொல்லிக்கொடுப்பது ஹெச்.ஆர். தாரணி மேடம். கோயம்புத்தூரில் படித்துவிட்டுப் போன வருடம்தான் வேலைக்கு வந்தார். எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். பலகையில் எழுதினார்: ஹாப்பி வித். கைண்ட் டு. ப்ரௌட் ஆஃப். குட் அட். ஸேஃப் வித்.

என் அறையில் இருக்கும் ரோஸ்லின் கையைத் தூக்கினாள். திண்டுக்கல்காரி, அவளுக்குக் கூச்சமே கிடையாது.

"எதுக்கு மேடம் இத்தனை? எல்லாத்துக்கும் வித்து போட்டா என்ன? வித்து வித்துன்னு எல்லாத்தையும் வித்துட்டுப் போயிரலாம்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்.

"ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாடியும் அதுக்குன்னு ஒண்ணு வரும். ஏன்னு கேட்டா எனக்கும் தெரியாது. மனப்பாடம் பண்ணுங்க."

பள்ளியில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று வேற்றுமை உருபுகளைச் சேர்ந்து கத்துவோம். கூட்டத்தோடு கத்துவதென்றால் எனக்கு வாய் வரும். தனியாக எழுப்பிக் கேட்டால் வராது. தமிழில் அந்த உருபு பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டு வருவதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் அது தனியாக வந்து நிற்கிறது. பார்த்தால் துணையில்லாத சின்னச் சொல். ஆனால் அதை மாற்றினால் வாக்கியமே வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

மனப்பாடம் செய்ய ஆறு வாக்கியங்கள். கடைசி வாக்கியம்: வி ஆர் ஸேஃப் வித் கதிரேசன் சார். கதிரேசன் சார் தையல் லைனின் சூப்பர்வைசர். அந்த வாக்கியத்துக்கு மட்டும் நான் சத்தமில்லாமல் வாயை அசைத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

இந்த வாரமும் குழந்தைகளின் இரவு உடைதான். சின்னச் சின்ன யானை போட்டது. பிசிறு வெட்டி, கறை பார்த்து, தையல் இழுத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். பஞ்சுத்தூசி மூக்கில் ஏறி நாள் முழுக்கத் தும்மல்.

மேடம் சொன்னது லேபிளிலும் இருக்கிறது. இத்தனை நாள் பார்த்தும் இதைப் பார்க்கவில்லை. அட்டையில் ஸாஃப்ட் ஆன் ஸ்கின் என்று போட்டிருக்கிறது. ஸாஃப்டுக்குப் பின்னால் ஆன். அதன் கீழே ஸேஃப் ஃபார் பேபி. இங்கே ஸேஃபுக்குப் பின்னால் வித் இல்லை, ஃபார் வருகிறது. கழுத்துப் பட்டையில் சிவப்பு எழுத்தில் கீப் அவே ஃப்ரம் ஃபயர், நெருப்பிலிருந்து தள்ளி வை. நெருப்புக்கு முன்னால் நிற்பது ஃப்ரம்.

அப்படியானால் ஸேஃபுக்குப் பின்னால் ஒன்றுக்கு மேல் வரும். மேடத்திடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

கதிரேசன் சார் வகுப்புக்கு வந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருத்தியாக எழுப்பினார்கள். என் முறை வந்தது. "வி ஆர் ஸேஃப்" வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"ஏங்கண்ணு, நீ ஊமையா? பீஸைப் பாக்கத் தெரியுது, வாயத் தொறக்கத் தெரியலியா? என்ற பேரைத் தெளிவாச் சொல்லோணும். ஸேஃப் டு கதிரேசன் சார். எங்க, சொல்லு பாக்கலாம்."

டு இல்லை, வித். அவருக்கே தப்பாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை. தாரணி மேடம் மார்க்கரின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 15, சனி

தலைக்குச் சோப்புப் போட்ட பிறகு தண்ணீர் நின்றுவிட்டது. நுரையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெட்டிச் சோதனை முடிந்தது. நோட்டைத் திறக்கவில்லை.

வார்டன் அறை போனில் வெண்ணிலாவின் வீட்டுக்குப் பேசினேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்தான், கள்ளக்குறிச்சிப் பக்கம். சரோஜாக்கா பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னாடி, நல்லாக்கிறியா?" என்றேன்.

"இருக்கேன். சாப்பிட்டியா?"

"உப்புமா. கை எப்படி இருக்கு?"

"வீக்கமா இருக்கு. யாருன்னா பக்கத்துல இருக்காங்களா?"

"ம்."

"அப்ப ஒண்ணும் பேசாத. என் பாய எடுத்துட்டாங்களா?"

"சுருட்டி வெச்சிருக்காங்க."

"அதுமேல யாரையும் படுக்க விடாதடி."

அவளுக்கு விரலில் கொஞ்சம் வீக்கம். அதற்காகத்தான் ஊருக்குப் போயிருக்கிறாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வாசல் போர்டில் ஒரு போட்டோ உண்டு. போன வருடம் பையர் மேடம் வந்தபோது வெண்ணிலாவின் தோளில் கை போட்டுக்கொண்டு எடுத்தது. வெண்ணிலாவுக்குக் கன்னத்தில் குழி விழும். அவர் அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். இந்த முறையும் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாராம்.

மேனேஜர் போட்டோவைக் கழற்றச் சொன்னார். பிறகு, வேண்டாம், கழற்றினால் கேட்பார் என்று மறுபடியும் மாட்டச் சொன்னார்.

எனக்கு மட்டும் ஏழாவதாக ஒரு வாக்கியம் வந்திருக்கிறது. அவள் கட்டிலுக்குக் கீழே படுப்பவள் நான் என்பதால், நான் சொன்னால் நம்புவார்களாம். வெண்ணிலா இஸ் ஸேஃப் வித் ஹர் மதர். வெண்ணிலா அவள் அம்மாவிடம் பத்திரமாக இருக்கிறாள்.

வாளியில் ஊறப்போட்ட துணியைத் துவைக்க மறந்துவிட்டேன். நாற்றம் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

நல்ல பீஸையெல்லாம் ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சரோஜாக்கா தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருக்கிறார். இன்று பெட்டியைத் திறக்க ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வெண்ணிலா ஊருக்குப் போனதற்கு முந்தின வாரம் ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். அவள் துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் தைப்பவள். கொஞ்ச நேரம் படுத்துவிட்டு வருகிறேன் என்று கேட்டாள். டார்கெட்டை முடித்துவிட்டுப் போ என்றார் கதிரேசன் சார். விரல் ஊசிக்கு அடியில் போகாமல் தடுக்க மெஷினில் ஒரு காப்புக் கம்பி இருக்கும். நூல் கோக்க நேரம் ஆகிறது என்று அந்த வாரம்தான் அவர் எல்லா மெஷினிலும் அதைக் கழற்றச் சொல்லியிருந்தார். அவளுக்குக் கண் சொருகியிருக்கிறது. ஊசி விரலுக்குள் இறங்கி உடைந்துவிட்டது.

குழந்தைத் துணி தைக்கும் இடத்தில் ஊசி உடைந்தால் சட்டம் ஒன்று உண்டு. உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் லைனில் இருக்கும் துணியெல்லாம் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் போய்வர வேண்டும். குழந்தையின் உடம்பில் குத்திவிடக் கூடாதே.

நுனித் துண்டு கிடைக்கவில்லை. பெட்டி பெட்டியாகத் துணியை மெஷினுக்குள் விட்டார்கள். நானும் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு துணிக்கும் மெஷின் கத்தவில்லை. வெண்ணிலா மாடிப்படியில் கையில் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யானை போட்ட துணி. நடுவில் ஒருமுறை, "கெடச்சுதாடி?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்கும் துணியைப் பற்றித்தான் கவலை.

அவள் கையை யாரும் அந்த மெஷினுக்குக் கீழே வைத்துப் பார்க்கவில்லை.

நுனி கிடைத்துவிட்டது என்று கதிரேசன் சார் எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு எதையோ ஒட்டியிருக்க வேண்டும். விரல் வீங்கி, காய்ச்சல் இறங்காமல் போனதும் பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

இன்று போனில் அவள் அம்மாதான் எடுத்தார். "விரலு கறுத்துப் போச்சும்மா. எடுத்துடணும்ங்கிறாரு டாக்டரு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா காப்பாத்தலாமாம். அதுக்கு அங்க வேலை செய்யுறான்னு கம்பெனிச் சீட்டு வேணும். போன் போட்டா, உன் பொண்ணு சொல்லாம ஓடிப்போனவ, அவளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லங்கிறாங்க. நீ யாருகிட்டயாவது சொல்லேன் அம்சா."

நான் சரி என்றேன். யாரிடம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

போனில் பேசியதை ரோஸ்லின் கேட்டிருக்கிறாள். துணி காயப்போடும்போது பக்கத்தில் வந்தாள்.

"வெள்ளக்காரிகிட்ட ஏதும் சொல்லப் போறியா?"

நான் கிளிப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தா பாரு புள்ள. ஆர்டர் போச்சுன்னா அத்தனை பேரும் மூட்டையைக் கட்டணும். என் தம்பி காலேஜ் என்ன ஆகுறது? வெண்ணிலா எனக்கும் சிநேகிதிதான். இல்லைங்கல. ஆனா யோசிச்சுக்க."

கொஞ்சதூரம் போய்விட்டுத் திரும்பிச் சொன்னாள்: "உனக்கு வாயே வராது. நான் எதுக்குப் பயந்து சாகுறேன்."

உண்மைதான். எனக்கு வாய் வராது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியை நினைத்து உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. காய்ந்த துணியையே திரும்பவும் அலசிக் காயப்போட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நின்றேன். தாரணி மேடம் பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஸேஃப் பின்னாடி வித் மட்டும்தான் வருமா?"

"ஃபார் வரும், ஃப்ரம் வரும். ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் வேற. குழந்தைக்கு ஆகும்னா ஸேஃப் ஃபார். அம்மாகிட்ட இருந்தா ஸேஃப் வித். பாம்புகிட்ட இருந்து தப்பிச்சுட்டா ஸேஃப் ஃப்ரம்."

"பாம்புகிட்ட ஸேஃப் வித் சொன்னா?"

"பாம்போட சௌக்கியமா இருக்கேன்னு ஆயிடும்." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எதுக்குக் கேக்கற அம்சவேணி?"

"லேபிள்ல இருக்கு மேடம்."

டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பலகையில் கடைசி வாக்கியம் மட்டும் அழியாமல் இருந்தது. கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் அதை அழிக்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

நோட்டை யார் பார்த்தாலும் சரி.

காலையில் எல்லோருக்கும் புது ஏப்ரன். மெஷின்களில் காப்புக் கம்பி மறுபடியும் வந்திருந்தது. மீட்டிங் அறையில் எங்கள் எட்டுப் பேரையும் சுவரோரமாக நிறுத்தினார்கள். மேசையில் பூ, பிஸ்கட், சாம்பிள் துணிகள். மேனேஜர், கதிரேசன் சார், தாரணி மேடம். பையர் மேடம் உயரமாக, வெயிலில் சிவந்த மூக்கோடு வந்தார். தமிழில் வணக்கம் சொன்னார்.

ரோஸ்லின் அவள் வாக்கியங்களைத் தண்ணீர் மாதிரி சொன்னாள். ஹாப்பி வித், ப்ரௌட் ஆஃப். ஒன்றும் பிசகவில்லை. மற்றவர்களும் சொன்னார்கள். பிறகு அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தன் கன்னத்தில் விரலால் குழி போட்டுக் காட்டி ஏதோ கேட்டார். வேர் என்பது விளங்கியது. அவள் எங்கே?

மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் முன்னால் வந்தேன். ஏப்ரனின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். வெண்ணிலா இஸ் ஸேஃப் என்று என் வாயிலிருந்து வந்தது. அங்கே நின்றுவிட்டேன். எல்லோரும் காத்திருந்தார்கள். அடுத்து வர வேண்டிய சின்னச் சொல் என் நாக்கில் இல்லை. அதற்குப் பதில் வேறொன்று இருந்தது.

"ஃப்ரம்," என்றேன். "ஃப்ரம் கதிரேசன் சார்."

மேனேஜர் பெரிதாகச் சிரித்தார். இந்தப் பெண் இரண்டு வாக்கியங்களைக் கலந்துவிட்டாள், ஸேஃப் வித் ஹர் மதர், ஸேஃப் வித் கதிரேசன் சார், வித் மேடம், வித், என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவும் எனக்குப் புரிந்தது. பையர் மேடமும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. தப்புச் செய்த குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல, "ஆ, ஸேஃப் வித்," என்று எனக்குத் திருத்திச் சொல்லிக் கொடுத்தார். கதிரேசன் சாரும் சிரித்தார்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் சொன்னது சரி. சரியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் தப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். பேசாமல் சுவரோரம் போய்விட்டால் அத்தோடு முடிந்துவிடும். என் கால் ஒரு அடி பின்னால் போனதுகூட உண்மை.

மேசையில் யானை போட்ட இரவு உடை இருந்தது. அதை எடுத்தேன். நாள் முழுக்கச் செய்கிற வேலைதானே, கழுத்துப் பட்டை தானாகவே கையில் புரண்டது. சிவப்பு எழுத்து. கீப் அவே ஃப்ரம் ஃபயர். அதைப் பையர் மேடத்தின் முகத்துக்கு நேரே பிடித்தேன். நடுவில் இருந்த அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன்.

"நோ மேடம். ஃப்ரம்."

அவர் லேபிளைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாகப் போய்விட்டது. பிறகு கதிரேசன் சாரைப் பார்த்தார்.

மேனேஜர், "தாரணி, டீ என்னாச்சுன்னு போய்ப் பாருங்க," என்றார்.

தாரணி மேடம் போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, மிகவும் மெதுவாகச் சொன்னார்: "தமிழ்ல சொல்லு. நான் சொல்றேன்."

சொன்னேன். காய்ச்சல், காப்புக் கம்பி, ஊசி, துணியெல்லாம் மெஷினுக்குள் போனது, படிக்கட்டு, கறுத்த விரல். ஒவ்வொரு வாக்கியமாக நான் சொல்ல, மேடம் அதை ஆங்கிலமாக்கினார். அவருடைய குரல் நடுங்கியது. என்னுடையது நடுங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் தனியாக நான் பேசியது இதுதான் முதல் தடவை. பேசி முடித்தபோது அந்தத் துணி என் கையில் கசங்கிப் போயிருந்தது. இனி அதை ரிஜெக்ட்டில்தான் போட வேண்டும்.

பிப்ரவரி 28, வெள்ளி

என்னைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். மத்தியானம் சாப்பிடும்போது என் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

மார்ச் 1, சனி

கதிரேசன் சார் லீவில் இருக்கிறாராம். தாரணி மேடமும் வரவில்லை. ஆர்டர் இருக்கிறது என்கிறார்கள், போய்விட்டது என்கிறார்கள். ரோஸ்லின் என்னோடு பேசுவதில்லை. ஆனால் மேல்தட்டில் புதுப்பெண் ஒருத்தியைப் படுக்க வைக்க சரோஜாக்கா வந்தபோது, "அங்க ஆள் இருக்கு, ஊருக்குப் போயிருக்கா," என்றது அவள்தான்.

மார்ச் 2, ஞாயிறு

பெட்டிச் சோதனை. சரோஜாக்கா இந்த நோட்டை எடுத்தார். நான் தடுக்கவில்லை. திறக்காமல் திரும்ப வைத்துவிட்டு, "உனக்குப் போன் வந்திருக்கு. சீக்கிரம் வா," என்றார்.

வெண்ணிலா. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். வெள்ளிக்கிழமையே கம்பெனி வண்டி போய் அவளைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிவந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் ஊசி நுனி தெரிந்ததாம்.

"எடுத்துட்டாங்கடி. ஒரு டப்பால போட்டுக் காட்டுனாங்க. அரிசிமுனை மாதிரி இருக்குது. அதுக்காடி அன்னைக்கி அத்தனை பெட்டியத் தேடுனீங்க?"

"விரலு?"

"நுனி போச்சு. மீதி இருக்கும்ங்கிறாங்க. ஓவர்லாக்ல இனி உக்கார முடியாது."

அவளே கேட்டாள்.

"அந்தம்மாகிட்ட இங்கிலீஷ்ல என்னமோ சொன்னியாமே. நீயா? எங்கம்மா நம்பவே மாட்டுது. என்னாடி சொன்ன?"

"ஃப்ரம்."

"அப்படின்னா?"

ஐ, ஆல், கு, இன். மனதுக்குள் விரல்விட்டு எண்ணினேன். ஐந்தாம் வேற்றுமை. அதன் பொருள் நீங்கல் என்று பள்ளியில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

"கிட்டேர்ந்து," என்றேன்.

"கிட்டேர்ந்து," என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். "அவ்ளோதானா?"

"எனக்கு அவ்ளோதான் வந்துச்சு."

அவள் சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்திருக்கும். பக்கத்தில் சரோஜாக்கா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தாமலே அடுத்ததைக் கேட்டேன்.

"சாப்பிட்டியா?"